பெடல் மிதிக்கிற ஆள்

என் அக்கா வீட்டுக்காரரை ஊர் முழுக்க 'பிரேக் மாமா' என்றுதான் கூப்பிடும். என்ஜினைத் தொட மாட்டார். கிளட்ச் என்றால் முகத்தைச் சுளிப்பார். "ஓடாத வண்டியால எவனும் செத்ததில்ல, நிக்காத வண்டியாலதான் சாகறான்" என்பார். மலைமேல் குவாரிக்குப் போகும் ஜீப்புகள் எல்லாம் பிரேக் என்றால் அவருடைய தகரக் கொட்டகைக்குத்தான் வரும். என்னுடையதும் அப்படித்தான். கல் உடைக்கிறவர்களைக் காலையில் மேலே ஏற்றிப் போய் மாலையில் இறக்கிக்கொண்டு வருவது என் பிழைப்பு.

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழாயைக் கழற்றி மாட்டினால் ஆயிலோடு காற்றும் புகுந்துவிடும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, அடியில் படுத்திருப்பவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் திருகைத் திறப்பார். காற்று குமிழி விட்டு வெளியே வரும். திருகை மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

கல்யாணம் ஆனதிலிருந்து மாமாவுக்கு மிதித்துக் கொடுத்தது அக்காதான். மடியில் தட்டை வைத்துக் காய் நறுக்கிக்கொண்டே மிதிப்பாள். "மிதி" என்று அடியிலிருந்து ஒரு குரல். "பிடிச்சாச்சு" என்று மேலிருந்து ஒரு சலிப்பு. வண்டி விட வருகிறவர்களிடம், "இவரு என்ன பெரிய மெக்கானிக்கு? ஊர் வண்டியெல்லாம் நிக்கறது என் கால்ல" என்று அவரை வாருவாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதுமே மாமா கொட்டகையைத் திறந்துவிட்டார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், "கால் மாறினா வேலை கெட்டுப் போயிடும் மச்சான்" என்று வாயை அடைத்துவிடுவார்.

முன்சக்கரத்தில் ஆயில் கசிகிறது என்று ஜீப்பை அவரிடம் விட்டேன். திரும்ப எடுக்கும்போது சீட் முன்னால் தள்ளியிருந்தது, முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது. அக்கா குள்ளம். அவள் மிதிக்கும்போது சீட் அந்த இடத்தில்தான் இருக்கும். மனசு சுருக்கென்றது. பழக்கதோஷம், பாவம் என்று நினைத்துக்கொண்டு சீட்டைப் பின்னால் தள்ளிக் கிளம்பினேன்.

அன்று மாலை இறக்கத்தில், பாறைத் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் கால் நேரே தரைக்குப் போனது. பின்னால் வண்டி நிறைய ஆட்கள். கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் பக்கவாட்டை உரசவிட்டு எப்படியோ நிறுத்தினேன். ஒரு பெண் மட்டும் இறங்கி, திரும்பியும் பார்க்காமல் நடந்தே போய்விட்டாள்.

கொட்டகைக்குப் போய்க் காச்சுமூச்சென்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். மாமா ஏறி உட்கார்ந்து பெடலை டப் டப்பென்று அடித்தார்.

"நல்லாத்தானே நிக்குது?"

"அடிச்சு அடிச்சு மிதிச்சா நிக்கும் மாமா. ஒரே மிதியில நிக்கணும். உள்ள காத்து இருக்கு."

"இருக்காதே. உங்க அக்கா சரியாத்தான் பிடிச்சா" என்றார், சாப்பிட்டாச்சு என்று சொல்வதுபோல.

இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவந்தேன்.

மறுநாள் உச்சிவெயிலில் போனேன். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜீப்புக்கு அடியில் அவர் கால்கள் தெரிந்தன. வேறு யாரும் இல்லை.

"மிதி" என்றார். அக்கா பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். "அழுத்திப் பிடி. காயை அப்புறம் நறுக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது. பெடல் அசையவே இல்லை.

வேறு பட்டறைக்குப் போனால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் எவன் இவரிடம் வண்டி விடுவான்? இப்படியே விட்டால் என்றைக்காவது ஒரு ஜீப் ஆட்களோடு பள்ளத்தில் கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஏறினேன். சீட்டைத் தள்ளாமல், முட்டி இடிக்க உட்கார்ந்தேன்.

"மிதி."

மிதித்தேன். பெடல் பஞ்சாக அமுங்கியது. அடியில் பொளபொளவென்று குமிழிகள் வெளியேறின. மூடினார். மறுபடி "மிதி" என்றார். மறுபடி மிதித்தேன். திருகைத் திறந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரு, மச்சானா மேல?"

பெடலை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்காதீங்கப்பா, கனமா இருக்கு. நீ காலை எடு. அவ பாத்துப்பா."

குனிந்து என் பாதத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் ஏதோ சில்லென்று பட்டதுபோல இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம். திருகு திறந்திருக்கிறது. காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"எடுடா. அவ கோச்சுக்குவா."

"அவ இல்ல மாமா" என்றேன். "நான்தான் மிதிக்கிறேன். நான் மட்டும்தான்."

அடியில் ஸ்பேனர் திரும்பியது. திருகை மூடிவிட்டார். காலை எடுத்து ஒரே ஒரு தரம் மிதித்துப் பார்த்தேன். பெடல் கல்லாக நின்றது. நாளைக்குத் தைரியமாக ஆட்களை ஏற்றலாம்.

மாமா வெளியே வரவில்லை. யாரையோ சமாதானப்படுத்தும் குரல் அடியிலிருந்து வந்தது.

"அழாத. உன் தம்பிதானே, தெரியாம சொல்லிட்டான். நீ இறங்கி என் பக்கத்துல வந்துடு."

"மாமா, வெளிய வாங்க" என்று கெஞ்சினேன்.

"நீ வண்டிய எடு மச்சான். நாங்க நடுவுலதான் படுத்திருக்கோம், சக்கரம் மேல படாது."

சாவியைத் திருப்பக் கை வரவில்லை. பெடலை மிதித்தபடியே உட்கார்ந்து அழுதேன்.