சத்தம் வராமல் படித்த மூன்று மாதம்

என் மகள் ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கிறாள் என்பதைத் தஞ்சாவூர்ப் பயிற்சி மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளில்தான் பார்த்தேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு முடிவு அது. கணக்கில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தாள். வெர்பல் என்று போட்டிருந்த பகுதியில் அவளைக் கீழேயிருந்து தேட வேண்டியிருந்தது.

"ஒண்ணுல கொறஞ்சாலும் போச்சும்மா. மத்ததுல எவ்வளவு வாங்குனாலும் நல்ல காலேஜ் எதுவும் கூப்பிடாது" என்றாள்.

கல்லூரி முடித்ததும் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த ஒரு வருடத்தை அவளாகவே கேட்டு வாங்கியிருந்தாள். நவம்பரில் தேர்வு. மூன்று மாதம்தான் இருந்தது. அன்று எனக்குத் தொடங்கிய படபடப்பு இதை எழுதும்போதும் முழுக்க அடங்கவில்லை.

நானும் கல்லூரி வரை போனவள்தான். அந்தத் தைரியத்தில் வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். தினம் இருபது ஆங்கில வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். ஃப்ரிட்ஜில், அரிசி டின்னில், குளியலறைக் கதவில். கூத்தாநல்லூரில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனார் ஒருநாள் அரிசி டின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். அண்ணன் மனைவியான என்னை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மச்சி, ரேஷன் அரிசிக்கு இவ்வளவு பெரிய பேரா?"

காலையில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் காதில் விழ வேண்டும். மதரசாவில் ஓதியதும் அப்படித்தான், பள்ளிக்கூடப் பாடமும் அப்படித்தான். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். குரல் நின்றால் "என்ன, சத்தத்தையே காணோம்?" என்பேன். உடனே குரல் வந்துவிடும். நானும் நிம்மதியாக அடுத்த மீனை எடுப்பேன்.

அவளுடைய அத்தாவுக்கும், என் வீட்டுக்காரருக்கும், அந்தக் குரல் வேண்டும். அவர் சவூதிக்குப் போனபோது அவளுக்கு நான்கு வயது. பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கேசட் கொடுத்தனுப்புவோம். ஒரு பக்கம் முழுக்க அவள் பாடம் வாசிப்பது மட்டும் இருக்கும். 'எங்கள் அறையில் ஆறு பேருக்கும் மூன்றாம் வகுப்புப் பாடம் மனப்பாடம்' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். வீட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுவார். வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும், "புள்ளைய ரெண்டு வரி படிக்கச் சொல்லு" என்பார்.

என் வைத்தியத்துக்குப் பிறகு வந்த மாதிரித் தேர்வில் வெர்பல் இன்னும் இரண்டு மதிப்பெண் குறைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு தஞ்சாவூர் போனேன். தேர்வு நடந்த அறைக்கு வெளியே, வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே நாற்பது தலைகள் தெரிந்தன. ஒரு சத்தம் இல்லை. நாற்பது பேரில் ஒருத்திக்கு மட்டும் உதடு அசைந்துகொண்டிருந்தது. என் மகள். விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் மூன்று தடவை தாளைத் திருப்பிவிட்டான். இவள் முதல் பக்கத்திலேயே இருந்தாள்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். வடுவூர்ப் பக்கம் நடவு நடந்துகொண்டிருந்தது.

"படிச்சா புரியலையா?"

"புரியுதும்மா. படிச்சதுக்கெல்லாம் சரியாத்தான் போடுறேன். நாலு பாசேஜ்ல ரெண்டு முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிருது."

"உதடு ஏன் அசையுது?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அசையலன்னா நீ விட்டுருவியா?"

மன்னார்குடி வரும்வரை, அடுப்படியிலிருந்து நான் போட்ட 'சத்தத்தையே காணோம்'களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே சீட்டுகளை எல்லாம் கிழித்தேன். இனி சத்தம் கூடாது என்று நானே சட்டம் போட்டேன். ஆனால் உதடு கேட்க வேண்டுமே? பதினைந்து வருடப் பழக்கம். அவள் அத்தா கொடுத்தனுப்பும் ஏலக்காயில் ஒன்றை எடுத்து, "இத முன்பல்லுல கடிச்சுக்க. கீழ விழுந்தா படிச்சது செல்லாது" என்றேன். முதல் நாள் பதினோரு தடவை விழுந்தது.

அவள் சீக்கிரம் பழகிக்கொண்டாள். எனக்குத்தான் முடியவில்லை. வீடு அப்படி அமைதியாகக் கிடந்தால் என் கை ஓடாது. தூங்குகிறாளா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பேன்.

"அம்மா, நீ எட்டிப் பாக்குற சத்தம்தான் பெருசா கேக்குது."

வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தது. வழக்கம்போல அவர் கேட்க, நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இனிமே படிக்கவே மாட்டாளா?"

"படிக்கிறா. மனசுக்குள்ள படிக்கிறா."

"அத நான் எப்படிக் கேக்குறது?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்; தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, போன அவ பக்கத்துல வை. தாள் திருப்புற சத்தமாச்சும் வருதா பாப்போம்" என்றார்.

வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து நான் எடுத்தபோது, "ரெண்டு தடவதான் திருப்புனா" என்றார். அடுத்த வெள்ளி, மூன்று. அதற்கடுத்த வெள்ளி, "நாலு! ஆனா கடைசில ரெண்டு தாள ஒண்ணாத் திருப்புன மாதிரி இருந்துச்சு, கேளு" என்றார். கேட்டேன். ஆமாம், ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

ஐப்பசி மழையோடு நோன்பும் வந்தது. பகலில் வாயில் ஏலக்காய் வைக்க முடியாது. பழைய கதை திரும்பிவிடுமோ என்று பயந்தபடி முதல் நாள் கதவோரம் நின்று பார்த்தேன். கண் மட்டும் ஓடியது. உதடு சும்மா இருந்தது.

தேர்வு திருச்சியில். "பயணந்தானே, நோன்ப இன்னைக்கு விட்டுட்டுப் பெறகு புடிச்சுக்கலாம்" என்றேன். "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளியே குடைக்குள் நின்றேன். வெளியே வந்தவள் விரலை விரித்துக் காட்டினாள். நான்கு. நான்கு பாசேஜும் முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த காத்திருப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தபால்காரர் நீளமான உறையைக் கொடுத்தார். வாசலிலேயே பிரித்தாள். படித்தாள். உதடு அசையவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி போட்டிருக்கு? வாயத் தொறந்து படியேன்!"

"சத்தம் கூடாதுன்னியே?"

"படிடி!"

அதற்குள் தொலைபேசி மணி அடித்தது. அவளே ஓடிப்போய் எடுத்தாள். "அத்தா, ரெண்டு வரி படிக்கவா?" என்றாள். மேலே அச்சடித்திருந்த கல்லூரி முகவரியிலிருந்து தொடங்கி, விரலை வரிக்கு அடியில் வைத்து, மூன்றாம் வகுப்பில் படித்த அதே ராகத்தில் படித்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் பெயர் வரை விடவில்லை.

நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ படி" என்றார் அவர்.