பாலன் மீன் சாப்பிடவில்லை

ஐந்து வாரங்களுக்கு முன்பு, பாரிஸின் லா சப்பலில் மலர் வேலை செய்யும் மளிகைக் கடையில் நான் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது.

மலர் யாழ்ப்பாணத்துப் பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. படித்துவிட்டு அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஊரில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். தாய் முன்பே இல்லை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன் – கையில் தேங்காயோடு. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

நாற்பத்தேழு வயதிலும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தேசம் சுற்றுகிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த முறை கரீபியன் கடலில் குவாதலூப் தீவு. பிரெஞ்சு மண்தான் – விசா வேண்டாம், மழைக்காலத்தில் டிக்கெட்டும் மலிவு. மலரின் தம்பி பாலன் அங்கேதான் இருந்தான். கிரேக்கக் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போனவன். முதலாளி கப்பலைத் துறைமுகத்திலேயே கைவிட்டுவிட, எட்டு மாதமாக ஒரு சின்னச் சரக்குப் படகில், தீவுக்கும் தீவுக்கும் நடுவே. மனசு மட்டும் கனடாவில்.

மலர் ஒரு சட்டையும், மிளகாய்த்தூளும், ஒரு கடிதமும் தந்தார்.

"அண்ணை, ஐயா செத்ததை அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கடல்லை நிக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. கை நடுங்கும், கயிறு வழுக்கும். கனடாவுக்குப் போய்ச் சேரட்டும், பிறகு சொல்லுவம்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"இந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பொய் தெரியுதோ?"

வாசித்தேன். 'ஐயா சுகம். போன கிழமை சைக்கிளில் சந்தைக்குப் போய் வந்தவராம். வேண்டாமென்று பேசினாலும் கேட்கிறார் இல்லையாம்.' இருபது வருடமாக எழுதுகிறேன்... இவ்வளவு உயிருள்ள பொய்யை நான் எழுதியதில்லை.

நம்மிடம் இது ஒரு வழக்கம், இல்லையா? பயணத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான். அன்பினால்தான் செய்கிறோம். நானும் அதில் தப்பொன்றும் காணாமல் கிளம்பினேன்.

குவாதலூப்பின் புவாந்தாபித்ர் துறைமுகம். உப்பும் டீசலும் பழுத்த மாம்பழமும் சேர்ந்த ஒரு வாசம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் மின்விசிறி உண்டு, சுற்றாது. முகத்தைப் பார்த்தால் காரைக்காலில் எனக்கு மாமா முறையாக வேண்டியவர் போன்ற ஒரு பஸ் டிரைவரிடம் தமிழில் வழி கேட்டேன். கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே வந்த தமிழர்களின் வாரிசு; தீவின் கிரியோல் மொழியில்தான் பதில் வந்தது. கடல் ஒரு மொழியைத் தின்ன எத்தனை தலைமுறை எடுத்துக்கொள்ளும் என்று யோசித்தபடியே படகுத்துறைக்கு நடந்தேன்.

பாலன் காத்திருந்தான். முப்பது வயது. மொட்டைத் தலை, மீசையும் இல்லை.

"என்ன தம்பி இது?"

"வெக்கை அண்ணை. பேன் வேறை."

நம்பினேன். கடிதத்தை நின்றபடியே படித்தான். சைக்கிள் வரியில் சிரித்தான். "அக்கா அப்பிடியேதான் இருக்கிறா" என்று சொல்லிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தான். எனக்கு நிம்மதி. பொய் பாஸாகிவிட்டது!

விடியும்போது பக்கத்துத் தீவான தொமினிக்காவுக்குப் படகு கிளம்பியது. பயணிகள் படகு அல்ல. பாலன் சொன்னதால் கேப்டன் என்னை மாவு மூட்டைகளின் மேல் உட்கார விட்டார். மழை வரும், நனையும், ஐந்தே நிமிடத்தில் வெயில் துடைத்துவிடும். தூரத்துத் தீவுகள் பச்சை யானைகள் மாதிரி முழங்கால்வரை நீரில் நின்றன.

பதினொரு மணிக்குச் சாப்பாடு. அப்போதுதான் பிடித்த மீன், எலுமிச்சை, காரம். எல்லோரும் தட்டை நீட்டினார்கள். பாலன் மட்டும் வெறும் சோற்றில் உப்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பிறந்தவன்... மீன் வேண்டாமா?

"சாப்பிடலயா தம்பி?"

"இன்னும் முப்பத்தொண்டு முடியேல்லை, அண்ணை."

முப்பத்தொன்று – இறந்த முப்பத்தொன்றாம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு. அதுவரை மீன், இறைச்சி தொடமாட்டார்கள். நான் மொட்டையைப் பார்த்தேன். மழித்த மீசையைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

குரலைத் தாழ்த்தினான். "ஐயா போயிட்டார். சித்தப்பா கப்பல் ஏஜென்சிக்குத் தந்தி அடிச்சவர். நானே சேவ் எடுத்துக் கடல்லை குளிச்சன். அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. பிள்ளைத்தாச்சி. தாங்கமாட்டா. கடிதத்தைப் பாத்தனீங்கள்தானே, அவவுக்கு ஒண்டும் தெரியாது. பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம்."

ஊரிலிருந்த சித்தப்பா இரண்டு பேருக்கும் தந்தி அடித்துவிட்டு, தம்பிக்குச் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்கும், அக்காவுக்குச் சொல்லமாட்டேன் என்று தம்பிக்கும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார் போலிருக்கிறது.

இனி என்ன செய்வது? மலருக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம். மறு பக்கம், உப்புச் சோற்றோடு உட்கார்ந்திருக்கும் இவன். வாயை மூடிக்கொண்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில், ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நம்பிக்கொண்டு, தனித்தனியே துக்கம் காப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு, கனடா போன பிறகு... போய்ச் சேர்ந்த பிறகுதான் அழ வேண்டுமென்றால், இந்தத் தலைமுறை எப்போது போய்ச் சேரும், எப்போது அழும்?

"அக்காவுக்குத் தெரியும், தம்பி."

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்:

"தந்தி வரேக்கை அவவோடை ஆர் நிண்டது?"

"நான்தான் நின்னேன்."

சொன்னேன் – மூட்டையில் உட்கார்ந்தது, தண்ணீர், தேங்காய் எல்லாம். தேங்காயைச் சொன்னபோது சிரித்தான். அந்தச் சிரிப்பின் பாதியிலேயே உடைந்துபோனான். கேப்டன் ஓடி வந்தார். 'விட்டுவிடுங்கள்' என்று கையால் சொன்னேன்.

கரையில் இறங்கியதும் தொலைபேசி அலுவலகத்துக்கு ஓடினோம். பாரிஸில் கடை மூடும் நேரம். லைன் கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் பாலன் "அக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் உதடு அசையவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. மறுமுனையிலும் பேச்சு இருந்திருக்காது. ஏழாயிரம் கிலோமீட்டர் கம்பி வழியே இரண்டு பேர் சேர்ந்து அழுதார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். பயந்துகொண்டேதான்.

"உங்களை நம்பித்தானே அண்ணை சொன்னனான்? சத்தியம் பண்ணினனீங்களெல்லே?"

திட்டி முடித்தார். சாமான்களைப் பையில் போட்டார். பையை என்னிடம் தராமல் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"மொட்டையோடை அவன் எப்பிடி இருக்கிறான்?"

"காது ரெண்டும் பெருசா, தனியாத் தெரியுதும்மா."

மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம்... அது ஐயாவின்ரை காது."