ஓட்டுநர் சீட்டில் மட்டும் போன நிறம்

1. பத்தே கால் மணி

“யார்யா அந்த மலைக்கார ஆளு? கூப்பிடு அவன.”

சர்வீஸ் கவுண்டரில் நின்று இப்படிக் கத்தியவர், சங்கராபுரம் பக்கம் கரும்பும் மரவள்ளியும் போட்டிருக்கும் ஒரு பெரிய விவசாயி. பெயர் வேண்டாம். எங்கள் கள்ளக்குறிச்சி ஷோரூமில் நான்கு மாதங்களுக்கு முன் கார் எடுத்தவர். டாப் மாடல், பீஜ் நிற லெதர் சீட். அந்தச் சீட்டில் ஓட்டுநர் உட்காரும் இடம் வெளுத்துப்போய், தொட்டால் பிசுபிசுத்தது. முதுகு சாயும் இடத்தில் தோலின் மேல்பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

அவர் கூப்பிட்டது சின்னதுரையை. கல்வராயன் மலைப் பழங்குடி ஊரிலிருந்து வந்து, ஐ.டி.ஐ. முடித்து, வண்டியை உள்ளும் புறமும் துடைத்து மெருகேற்றும் எங்கள் டீட்டெய்லிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்பவர். வயது முப்பத்திரண்டு. நான் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர். டெலிவரிக்கு முன் அந்தக் காரின் சீட்டுகளுக்குப் பாதுகாப்புக் கோட்டிங் போட்டவர் சின்னதுரை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

இட ஒதுக்கீட்டுக்காக ஊரெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கொரோனாவும் முழுதாகப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையின் டிவியில் நாள் முழுவதும் மறியல், மனு, சதவீதக் கணக்கு. டீக்கடையில் யாருக்கு எவ்வளவு என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சண்டை போடுவார்கள். அந்த வாசனையெல்லாம் எங்கள் கவுண்டருக்கும் வந்தது.

சின்னதுரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கள் மேனேஜரிடம் திரும்பினார்.

“கோட்டாவுல வந்தவன் கையில குடுத்தா இப்பிடித்தான் ஆவும். படிச்சிருக்கானா, மார்க் இன்னா, ஒண்ணும் பாக்கறதில்ல. எம்மாம் ரூபா வண்டி தெரியுமா? இவன வேலைய விட்டு அனுப்பு. அப்பறம் சீட்டப் பத்திப் பேசலாம்.”

தனியார் கம்பெனியில் ஏது கோட்டா? ஆள் எடுத்த அன்று டிரேட் டெஸ்ட் வைத்தவன் நான்தான். பன்னிரண்டு பேர் வந்தார்கள். தோல் சீட்டைத் துடைக்கச் சொன்னேன். பதினொரு பேர் ஈரம் சொட்டச் சொட்டத் துணியை வைத்தார்கள். துணியை நன்றாகப் பிழிந்து, முதலில் யாருக்கும் தெரியாத அடி ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மேலே துடைத்தவர் சின்னதுரை ஒருவர்தான். இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “நான் பாத்துட்டுச் சொல்றேங்க” என்று மட்டும் சொன்னேன். பதினான்கு வருட சர்வீஸ் என்னைப் பழக்கியிருந்த விதம் அது.

மேனேஜர் சின்னதுரையிடம், “நீ வண்டி கழுவற வாஷிங் பேயில போய் நில்லு. கூப்புடற வரைக்கும் எந்த வண்டியையும் தொடாத” என்றார்.

2. என் நோட்டில் இருந்தது

புதுத் தோல் சீட்டுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. அவசரப்படாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் கவரைக் கிழித்துவிட வேண்டும். நம் ஊரில் அதை வருடக்கணக்கில் கிழிக்க மாட்டார்கள். வெயிலில் உள்ளே வேர்த்து, தோல் பூசணம் பிடிக்கும். பிறகு மெல்லிய பிரஷ் மாட்டிய வேக்குவம். கார்த் தோலுக்கென்றே வரும் க்ளீனரைத் துணியில்தான் ஊற்ற வேண்டும், சீட்டில் ஊற்றக் கூடாது. துடைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கோட்டிங்கை வட்டமாகத் தேய்த்து, ஒரு நாள் யாரும் உட்காராமல் வைக்க வேண்டும்.

எந்த வண்டிக்கு எந்த பாட்டில், எந்த பேட்ச், எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடிவு என்று நான் நோட்டில் எழுதி வைப்பேன். பலர் கேலி செய்திருக்கிறார்கள். அந்த வண்டிக்கு எழுதியிருந்தது: ஐந்து சீட்டுக்கும் ஒரே பாட்டில், ஒரே கை, ஒரே நாள்.

நோட்டை மூடிவிட்டு வண்டிக்குப் போனேன். சீட்டுக்கு ஒரு வெள்ளைப் பருத்தித் துணியாக எடுத்துத் துடைத்தேன். பின்னால் இடது பக்கம் பெரியவர் உட்காரும் இடம். துணி வெள்ளையாகவே வந்தது. தோல் டெலிவரி அன்று இருந்தது போலவே இருந்தது. பின்னால் வலது பக்கமும் அப்படியே. முன்னால் இடது சீட்டில் துணி லேசாகப் பழுப்பேறியது. ஓட்டுநர் சீட்டில் துணி முழுக்க பீஜ் நிறம்.

கோட்டிங் கெட்டதாக இருந்தால் ஐந்து சீட்டும் கெட்டிருக்க வேண்டும். கார் ஆளைப் பார்த்துக் கெடாது.

பெரியவரின் ஓட்டுநர் முருகேசன் வாசல் ஓரம் நின்றிருந்தார். என் வயதுதான், ஐம்பதை நெருங்குகிறவர்.

“முன்னாடி எடது சீட்டுல யாருங்க வருவாங்க?”

“கரும்பு வெட்டு மேஸ்திரி வருவாரு சார். சில நாளு.”

“சீட்ட எதால தொடைக்கிறீங்க?”

அவர் கவுண்டர் பக்கம் பார்த்தார். மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

“நான் எங்க சார் தொடைக்கிறேன்? நான் எறங்குனதும் ஐயாதான் அடிப்பாரு. கதவு பாக்கெட்டுல பாட்டில் கீது பாருங்க. ஒரு நாளைக்கு நாலு தபா. வெத்தல வாங்க எறங்கினா கூட அடிப்பாரு. மேஸ்திரி எறங்கினாலும் அப்பிடித்தான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார், பொழப்பு பூடும்.”

கதவு பாக்கெட்டில் பாட்டில் இருந்தது. அரை லிட்டர் சானிடைசர், ஸ்ப்ரே மூடியுடன், கால்வாசி மிச்சம். சானிடைசரில் முக்கால் பங்கு ஸ்பிரிட். கைக்கு நல்லது. தோல் சீட்டின் மேல்பூச்சை, ரிமூவர் நெயில் பாலிஷைக் கரைப்பது போல, அது கரைத்துவிடும்.

இறங்கிய ஆளின் மேல் அடிக்கவில்லை, அவர் உட்கார்ந்த இடத்தின் மேல் அடித்திருக்கிறார். நாளுக்கு நான்கு முறை, நான்கு மாதம்.

3. பாட்டில்

நான் உள்ளே போனபோது மேனேஜர் ஒரு தாளை டைப் செய்து முடித்திருந்தார். “என் கவனக்குறைவால் தவறான கெமிக்கல் பயன்படுத்தப்பட்டது” என்று ஆரம்பித்தது. கீழே சின்னதுரையின் பெயர்.

“சும்மா ஒரு பேப்பர்தான் சார். கையெழுத்து போட்டா கம்பெனி செலவுல கலர் பண்ணிக் குடுத்துடலாம். கஸ்டமர் சமாதானம் ஆயிடுவாரு. நீங்களே சின்னதுரைகிட்ட பக்குவமா சொல்லுங்க.”

“அவன் செய்யலையே சார்.”

“செஞ்சானா இல்லையான்னு யாரு கேட்டா இப்ப?”

நான் பெரியவரை வண்டிவரை வரச் சொன்னேன். மேனேஜரும் வந்தார். வெள்ளைத் துணிகளை வரிசையாக பானெட்டில் விரித்துக் காட்டினேன். பிறகு பாட்டிலை எடுத்தேன்.

“இது உங்களதுங்களா?”

“ஆமா. கொரோனா காலம், அடிக்க மாட்டாங்களா? கண்டவனும் உக்கார்றான்.”

“இது தோலுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனைக்கிறீங்களா?”

“வக்கீல் மாதிரி கேள்வி கேக்காதய்யா. கையில ஊத்திக்கிறோம், தோலுக்கு இன்னா ஆவப் போவுது?”

நான் பின்கதவைத் திறந்தேன். அவர் உட்காரும் இடத்துக்கு நேராக பாட்டிலை நீட்டினேன். “சரிங்க. அப்ப உங்க சீட்டுலயும் ஒரு தபா அடிச்சுப் பாத்துடலாமுங்க.”

பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “யோவ், யோவ்! அதுல இன்னாத்துக்குயா அடிக்கிற? கெட்டுப்பூடும்!”

முருகேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். பெரியவரின் கை என் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. அவருக்கே அது தெரிந்ததும் எடுத்துக்கொண்டார்.

4. ஜாப் கார்டு

மேனேஜரின் தாளை நான் தொடவில்லை. வண்டியின் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: “வாடிக்கையாளர் சானிடைசர் அடித்ததால் ஓட்டுநர் இருக்கையிலும் முன் இடது இருக்கையிலும் மேல்பூச்சு கரைந்துள்ளது. பின் இருக்கைகளில் அடிக்கப்படவில்லை. அவை நன்றாக உள்ளன. பணியாளர் பிழை ஏதும் இல்லை.” என் கையெழுத்தைப் போட்டு, பெரியவர் முன் வைத்தேன்.

“கடைசி வரி எதுக்கு?” என்றார்.

“முதல்ல அதச் சொன்னது நீங்கதாங்க. அதான் எழுத வேண்டியதா போச்சு.”

“போட மாட்டேன்னா?”

“கையெழுத்து இல்லாம கலர் வேலைக்கு வண்டிய எடுக்க முடியாதுங்க. அந்த வேல தெரிஞ்சவரு இங்க ஒருத்தர்தான். அவரு வாஷிங் பேயில நிக்கிறாரு.”

மேனேஜர் என்னை முறைத்தார். அந்த ஆண்டு என் இன்கிரிமென்ட் எப்படிப் போனது என்பது வேறு கதை. பெரியவர் பேனாவைக் கேட்டார். படிக்காமல் போடுவது போல வேகமாகப் போட்டார். ஆனால் படித்தார், எனக்குத் தெரியும்.

நானே போய்ச் சின்னதுரையிடம் கார்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “மன்னிப்பு கேட்டாரா சார்?” என்றார். இல்லை என்றேன். பிறகு, “இதுல ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா சார்?” என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கலர் வேலைக்குச் சீட்டைக் கழற்றப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சானிடைசர், தின்னர், பெட்ரோல் எதையும் தோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத் துணி போதும். அதைவிட முக்கியமானது, ஒருவர் மேல் பழி விழும்போது, விழும் இடத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். சீட்டைச் சோதிக்கத்தான் நேரம் வேண்டும். ‘கோட்டா’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல எனக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. பத்தே காலிலிருந்து பன்னிரண்டே கால்வரை, இரண்டு மணி நேரம், எங்கள் பிரிவின் மிகச் சிறந்த கை ஒரு வண்டியையும் தொடாமல் வாஷிங் பேயில் சும்மா நின்றது. அனுப்பியது மேனேஜர். அப்போதே பதில் சொல்லாமல் அதை நிற்க வைத்தவன் நான்தான்.