இரண்டாம் பக்கத்தில் நாற்பது நாற்காலிகள்

எங்கள் அலுவலகத்தில் ஸ்டெனோ அக்காவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராவது பாட்டுப் போட்டால், "கொஞ்சம் குறைங்களேன்" என்பார். குறைத்தால், "இன்னும் கொஞ்சம்" என்பார். சிடுமூஞ்சி என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. அக்காவின் அண்ணன் இறந்து மூன்று நாளாகிவிட்டதாம். பேசியது அண்ணன் மகள். அக்கா போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற கடிதத்தை முழுதாக அடித்து முடித்தார். பிறகு என்னிடம், "துணைக்கு வரியா?" என்றார். கைப்பையில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. என்ன என்று கேட்டேன். பேருந்தில் ஆறு மணி நேரம், அந்தக் கதைதான்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு ராக் ஆல்பம் உயிராக இருந்திருக்கிறது. அண்ணன் வாங்கி வந்த கேசட். அட்டையில் நான்கு பேர் ஒரே குடைக்குள் நின்று நனைந்துகொண்டிருப்பார்கள். ஒன்பது பாட்டு. அண்ணனுக்குக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. அப்பா இரவுக் காவலர், பகலெல்லாம் தூங்குவார். அதனால் பட்டறை விடுமுறை நாளில் இருவரும் டேப் ரிக்கார்டரைத் தலையணைக்கு அடியில் வைத்து, ஆளுக்கொரு ஓரமாகக் காதைப் பதித்துக் கேட்பார்கள். டிரம்ஸ் அடி கன்னத்தில் தெரியுமாம். வார்த்தை பாதி புரியாது. புரியாத இடத்துக்கெல்லாம் அண்ணன் அர்த்தம் சொல்வார். அத்தனையும் புளுகு.

"ராக்குன்னா காதைப் பிளக்கும்னு சொல்றாங்க. நான் அதைக் கிசுகிசுப்பாத்தான் கேட்டிருக்கேன்" என்றார் அக்கா.

அப்போது அவருக்குச் சுருக்கெழுத்துப் பரீட்சை நெருங்கியிருந்தது. கடிதத்தை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. தானே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம் என்றால் வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. கடையில் வாங்கிய ஆல்பத்தின் மேல் பதிவு செய்ய வேண்டுமென்றால் கேசட்டின் முதுகில் இருக்கும் அந்தப் பக்கத்துக்கான ஓட்டையை அடைக்க வேண்டும். அக்கா காகிதத்தை உருட்டி அடைத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அந்த ஓட்டை வழி விடவில்லை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு முழுதும் போய்விட்டது. அண்ணனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பாட்டு.

மறுநாள் அண்ணன் கேசட்டைப் போட்டார். பாட்டு வர வேண்டிய இடத்தில் தங்கை, கடிதம் சொல்லும் குரலில், லாரியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டார். திட்டவில்லை. அந்த வாரமே வேறு ஊர்ப் பட்டறைக்கு வேலை மாறிப் போய்விட்டார், கேசட்டையும் எடுத்துக்கொண்டு. அக்கா பரீட்சையில் தேறி வேலைக்கு வந்தார். அப்பா போனபோதும் அம்மா போனபோதும் அண்ணன் வந்தார். தங்கையிடம் மட்டும் நின்று பேசவில்லை. முப்பத்தெட்டு வருடம்.

பொட்டலத்தில் இருந்தது அதே ஆல்பம். எங்கெங்கோ தேடிப் பதினோரு வருடத்துக்கு முன்பு வாங்கியிருக்கிறார். அண்ணனிடம் கொடுத்து, மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தபால்ல போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டே விட்டேன்.

"திருப்பி அனுப்பிட்டான்னா?" என்றார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். அக்கா செருப்பைக் கழற்றியபடியே, "நான் உங்க அப்பாவோட... அச்சச்சோ, எப்படிச் சொல்றது" என்று தடுமாறினார்.

அந்த 'அச்சச்சோ'வைக் கேட்டதும் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "லெட்டர் அத்தை?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்: "'தாங்கள் கேட்ட நாற்பது நாற்காலிகளும், காற்புள்ளி, லாரியில் ஏற்றப்பட்டுவிட்டன, முற்றுப்புள்ளி. அச்சச்சோ, தப்பு, மறுபடி.' எனக்கு மனப்பாடம் அத்தை. அப்பா அடிக்கடி போடுவாரு. சின்ன வயசுல நான் அதையும் ஒரு பாட்டுன்னே நினைச்சேன்."

"அப்போ ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல?"

"உங்களுக்குத்தான் அவர் மேல கோவம்னு சொல்வாரு. பரீட்சை நேரத்துல அவ பாடம் பதிஞ்ச கேசட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன், அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு."

இரண்டு கல்லுளிமங்கர்கள். யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

"அந்த இடத்துல ஒரு பாட்டு இருந்துச்சும்மா" என்றார் அக்கா.

"தெரியும் அத்தை. முழு ஆல்பமும் புதுசா வாங்கித் தரேன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். வேண்டாம்னுட்டாரு. அதுல தங்கச்சி இல்லையேன்னாரு."

கைப்பைக்குள் போயிருந்த அக்காவின் கை வெறுமனே வெளியே வந்தது. பொட்டலத்தை அவர் எடுக்கவே இல்லை.

அண்ணன் படுத்திருந்த கட்டில் ஓரத்தில்தான் டேப் ரிக்கார்டர் இருந்தது. மகள் இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். பத்தொன்பது வயதுக் குரல் ஒன்று, வணக்கம் சொல்லிக் கடிதத்தை ஆரம்பித்தது.

"கொஞ்சம் குறைம்மா" என்றார் அக்கா. அவள் குறைத்தாள். "இன்னும் கொஞ்சம்."

பிறகு அண்ணனின் தலையணையை எடுத்து டேப் ரிக்கார்டரின் மேல் வைத்து, கட்டிலில் சாய்ந்து அதில் காதைப் பதித்துக்கொண்டார். ஓரமாகத்தான் படுத்தார். மறுபாதியைக் காலியாக விட்டிருந்தார்.