பெற்றீசியா தெரிவுசெய்த கல்லூரி

பெற்றீசியாவுக்கு முப்பத்துநாலு வயது. ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியின் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கிறாள். கடன் பிரிவென்ன, அந்தக் கிளையையே அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். ஆனாலும் முகாமையாளர் நாற்காலி காலியான இரண்டு தடவையும் எம்.பி.ஏ. படித்த யாரோ ஒருவர் கொழும்பிலிருந்து வந்து உட்கார்ந்தார். வந்தவருக்கு வேலை பழக்கிக் கொடுத்ததும் இவள்தான். அடுத்த வருஷம் நாற்காலி மறுபடியும் காலியாகிறது. அதற்குள் எங்காவது எம்.பி.ஏ. வகுப்பில் சேர்ந்துவிட்டால் பார்க்கலாம் என்று தலைமை அலுவலகம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தது.

எங்கே சேர்வது என்ற யோசனையிலேயே ஏற்கெனவே இரண்டு வருஷம் ஓடிப்போயிருந்தது. கொழும்பில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம் இருந்தது. பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். கண்டியில் ஒரு தனியார் கல்லூரி இருந்தது. கட்டணம் மூன்று மடங்கு. பரீட்சையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கேட்டவர்கள் எல்லோரும் கண்டிதான் பக்கம் என்றார்கள். பக்கம் என்பது அவளுக்குத் தெரியாதா? கொழும்புப் பட்டத்தைக் கண்டால் தலைமை அலுவலகத்தில் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதற்காகத்தான் அவள் ஆசைப்பட்டாள். பரீட்சை எழுதினாள், சித்தியும் அடைந்தாள். நேர்முகக் கடிதம்தான் வரவேண்டும்.

ஈமெயில் இல்லையா என்று கேட்காதீர்கள். பதிவுத் தபாலில்தான் அனுப்புவோம் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தார்கள். அவர்கள் சட்டம் அப்படி.

அவள் வீடு டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக, இருக்கிறது. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து காலையில் பெரட்டுக்கு வரும். வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள், உரியவர் வாங்கிக்கொள்ளவேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் டவுனில் ஏதாவது ஒரு கடையின் விலாசத்தைக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடக் காலம் தொட்டு பெற்றீசியா கொடுத்து வந்தது மக்பூல் முதலாளியின் புடவைக்கடை விலாசம். இந்தத் தடவை விண்ணப்பத்தை நிரப்பப் பேனாவை எடுத்தபோது அவளுக்கு மனது ஒப்பவில்லை. எம்.பி.ஏ. படிக்கப் போகிறவளுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கிடையாதா, சாகும்வரை புடவைக்கடைதானா என்று வெட்கமாக இருந்தது. தோட்டத்துப் பெயரையும் லயத்து எண்ணையும் அழகாக எழுதி அனுப்பினாள்.

பரீட்சை முடிவு தெரிந்து ஒரு மாதம் போனது. கண்டிக் கல்லூரியில் பதிவு செய்கிற நஸ்லியா என்ற பெண் தினமும் போன் எடுத்து, சீட் முடியப் போகிறது மிஸ், என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி பெற்றீசியாவுக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவளே பல்கலைக்கழகத்துக்கு அழைத்தாள். எடுத்தவர் சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். கடிதம் அனுப்பி இருபது நாளாகிறது, தோட்டத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், நேர்முகம் போன சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார்.

அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு ஏறினாள். பெரிய கிளாக்கர் கஜேந்திரன் மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை எடுத்து நீட்டினார். கெட்ட மனுஷன் இல்லை அவர்.

"மூணு நாள் பெரட்டுல கூப்பிட்டோம். உங்க வீட்டுலதான் இப்ப யாரும் பேர் போடுறதில்லையே. யாருகிட்ட குடுக்கிறது?" என்றார்.

அவள் தாய் ராசம்மா முப்பத்தேழு வருஷம் கொழுந்தெடுத்துவிட்டு, போன வருஷம்தான் வேலையை விட்டாள். அதோடு அந்த வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் போட ஆளில்லை. கட்டணம், பஸ், வகுப்பு நேரம் எல்லாவற்றையும் இரண்டு வருஷம் யோசித்தவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை. ஆபீசிலிருந்து லயத்துக்குப் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷம் நடக்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை, பாருங்கள். சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தாள். கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

விஷயத்தைக் கேட்ட ராசம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நான் இன்னும் ஒரு வருசம் பேர் போட்டிருக்கலாம் புள்ள," என்றாள்.

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த பெற்றீசியா அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்துச் சேரும்வரை நாற்காலி காத்திருக்காது. சனிக்கிழமை கண்டிக்குப் போனாள். நஸ்லியா வாய் நிறையச் சிரித்து, நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள் என்று வாழ்த்தினாள். நீட்டிய படிவத்தின் கடைசிப் பக்கத்தில், எங்கள் கல்லூரியை ஏன் தெரிவுசெய்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. கல்வித் தரம், நற்பெயர், நியாயமான கட்டணம், நண்பர்களின் சிபாரிசு என்று நாலு கட்டம் போட்டிருந்தார்கள். பெற்றீசியா நாலையும் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஓரத்தில், வேறு வழியில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

வாசித்த நஸ்லியாவின் சிரிப்பு நின்றது. "மிஸ், இத கம்ப்யூட்டர் எடுக்காது. ஏதாவது ஒண்ணு போடணும்," என்றாள் மெதுவாக.

"நீங்களே போட்டுக்கங்க," என்றாள் பெற்றீசியா.

நஸ்லியா பேனாவை எடுத்து, கல்வித் தரம் என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டாள்.