பத்தாயத்துத் திறப்பு

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் மழை பெய்தால் தண்ணீர் ஓடாது. நாஞ்சில் நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். நம் பக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் தெருவே வாய்க்காலாகும், வாய்க்கால் குளத்துக்குப் போகும், குளம் நிறைந்து மறுகால் பாயும். இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் கொஞ்ச நேரத்தில் செம்மண் முற்றம் ஒன்றும் நடவாததுபோல் கிடக்கும். அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல் அத்தனையையும் குடித்துவிடும். நான் வந்த வருஷத்து முதல் மழைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் வெளியே போகட்டும் என்று வேலியோரமாக மண்ணை வெட்டினேன். என் கணவரின் தாய் அடுக்களை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வாழைக்கண்டு வைக்கப் போறியோ?"

"இல்ல அத்தை, வெள்ளம் போணும்லா?"

"எங்கை போக?"

வெள்ளம் போவதற்கு இந்த நாட்டில் ஆறு இல்லை. மலையும் இல்லை. இவர்களுடைய ஆறு நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. கிணற்றுக்கு மேலே துலா என்று ஒரு நீண்ட மரம். ஓர் ஆள் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, பட்டை என்கிற இறைகூடை இறங்கி நீரோடு ஏறி வரும். விடியற்காலையில் அந்த நடையைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். கிணறும் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமில்லை. இன்ன நாள் இன்னாருடைய முறை என்று பங்கு பிரித்து, காணி உறுதி என்கிற நிலப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் உங்கள் புகையிலைக் கன்று வாட வேண்டியதுதான்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து திருவிதாங்கூரைப் பற்றிக் கேட்பார்கள். நான் அளந்து விடுவேன். வடக்கே மலையில் மிளகும் ஏலமும் தேயிலையும். கடலோரம் முழுக்கத் தென்னை. காயலில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டுக் கயிறு திரிப்பார்கள், ஊரே நாறும், அந்த நாற்றத்தில்தான் ஊர் சாப்பிடும். தெற்கே எங்கள் நாஞ்சில் நாடு, பழையாறும் பேச்சிப்பாறைத் தண்ணீரும் பாய்ந்து வருஷத்துக்கு இரண்டு பூ நெல். நெல்லைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். ரங்கூன் அரிசியை வாங்கிச் சமைக்கிற ஊர் இது. நாம் நெல்லை விற்றுப் புகையிலை வாங்கினோம். இவர்கள் புகையிலையை விற்று அரிசி வாங்குகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நம்பியே பிழைத்திருக்கிறோம், முகம் மட்டும் தெரியாது.

எனக்கு முகம் தெரிந்தது புகையிலையால்தான். என் கணவர் செல்லையா, புத்தூர்க்காரர் ஒருவரின் புகையிலைக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாகக் கோட்டாறு வந்திருந்தார். தகப்பனை இழந்து மாமன் வீட்டில் ஒண்டியிருந்த என்னை, ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்காத மாப்பிள்ளை என்று எங்கள் தெருவே மெச்சியது. பிறகு திருவிதாங்கூரில் சுங்கம் ஏற ஏற வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி கிட்டங்கியைப் பூட்டினார். நாங்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, ரயில் ஏறி, கடைசியில் மாட்டுவண்டி ஏறி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே யாழ்ப்பாணம் புகையிலை என்று நாம் மெல்லுகிற அதே இலைக்கு இங்கே மலையாளப் புகையிலை என்று பெயர். எனக்கும் அதே கதிதான். கணவரைக் கட்டியதால் ஊரில் யாழ்ப்பாணத்துக்காரி ஆனேன். இங்கே வந்து இறங்கியதும் மலையாளத்தாள் ஆனேன். நான் பேசுவதும் தமிழ்தானே என்றால் சிரிப்பார்கள். மலையாளத்து ஆட்களுக்கு மந்திரம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை வேறு. ஒருத்தி, பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, ஒரு நூல் ஓதித் தரவேண்டும் என்று கெஞ்சினாள். தவிடும் பிண்ணாக்கும் கூட்டி வையுங்கள் என்றேன். பசு கறந்தது. அது தவிட்டின் பெருமை என்று இன்றுவரை அவளை நம்பவைக்க முடியவில்லை.

என் பங்குக்கு நானும் கூத்தடித்திருக்கிறேன். புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போடுவார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது பதறிப்போய் வாளித் தண்ணீரோடு ஓடினேன். நம் ஊரில் மட்டை என்றால் கயிறு, கயிறு என்றால் ஒரு குடும்பத்தின் கஞ்சி. அதைத் தீயில் போடுவதை என் கண் பொறுக்கவில்லை. நாகம்மா, என் கணவரின் ஒரே தங்கை, ஓடிவந்து என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். "மச்சாள், உது எரிஞ்சால்தான் எங்களுக்குச் சோறு!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் என்னிடம் முதலில் சிரித்தவள் அவள்தான். அவளைத்தான் நான் பின்னால் அவள் கலியாணத்துக்கு உறுதி எழுதிய அன்று சபையறிய அழவைத்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிவருகிறேன்.

அதற்கு முன்னால் என் தகப்பனார் செத்த கதையைச் சொல்லியாக வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளருக்குள் அப்போது மருமக்கள் வழி. ஒருவன் தேடியதெல்லாம் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு; பெற்ற பிள்ளைகளுக்கு மனமிரங்கிக் கொடுக்கிற சிறு பங்கு. எனக்கு ஒன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவின் மருமக்கள் இருவர் முற்றத்தில் வந்து நின்றார்கள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கெட்டவர்களும் இல்லை; வழக்கம் அது. அம்மை ஒரு பெட்டியில் எங்கள் துணிகளை மடித்து வைத்தாள். தாக்கோல் கொத்தை, இங்கே திறப்பு என்கிற சாவிகளை, எடுத்து அப்பாவின் சகோதரி கையில் கொடுத்தாள். என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள். வண்டியில் ஏறிய பிறகு முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். பத்தாயத்தின் தாக்கோலை மட்டும் கொத்திலிருந்து கழற்றி வைத்திருந்தாள். பத்தாயம் என்பது நெல் போடுகிற மரப்பெட்டி, இங்கே உள்ளவர்களுக்குச் சொல்வதானால் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். நான் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். மகாராஜாவின் சபை பிற்பாடு சட்டத்தை மாற்றியது. பிள்ளைகளுக்கும் சொத்து என்று ஆயிற்று. எங்களுக்கு அது சில வருஷம் பிந்திப்போயிற்று. கலியாணம் ஆனபோது அந்தத் துணிப்பெட்டியையும், அதன் அடியில் அந்தத் தாக்கோலையும் அம்மை எனக்குத் தந்தாள்.

நாகம்மாவுக்குக் கரவெட்டியில் மாப்பிள்ளை பொருந்தியது. பள்ளிக்கூட வாத்தியார். வீடே கலகலப்பாக இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் துணி துவைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "நொத்தாரிசு புதன்கிழமை வாறாராம். வீடும் வளவும் கிணத்துப் பங்கும் நாகம்மாவின்ரை பேருக்கு எழுதுகினமாம்."

நொத்தாரிசு என்றால் பத்திரம் எழுதுகிறவர், வளவு என்றால் வீட்டு மனை. இது என் கணவரின் தகப்பன் வீடு, அவருக்குப் பிறகு என் மகள் பவளத்துக்கு என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கடல் தாண்டி வந்தும் அதே வழக்கமா? கணவன் வீட்டைக் கணவனின் சகோதரி எடுக்கிறாள், பெண்டாட்டியும் பிள்ளையும் படி இறங்குகிறார்கள். அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பந்தலுக்குக் கம்பு வெட்டுகிற மும்முரத்தில் இருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அம்மை கேட்டாளா? மரியாதையாக இறங்கினாள். நானும் மரியாதையாக இறங்குவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் விறாந்தையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நொத்தாரிசு உறுதியை வாசிக்கத் தொடங்கினார். நான் பவளத்துக்கு நல்ல சட்டை போட்டு, பெட்டியைத் தூக்கி வந்து விறாந்தைப் படியருகே வைத்தேன். அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டினாள். இடுப்பிலிருந்த வீட்டுத் திறப்புகளை எடுத்து, உள்ளே தோழிகளோடு இருந்த நாகம்மாவின் காலடியில் வைத்துவிட்டு வந்து நின்றேன். வாசிப்பு நின்றது.

மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் வாய் திறந்தார். "ஏன் பிள்ளை பெட்டியோடை நிக்கிறாய்? ஆரேன் செத்துக்கித்துப் போச்சினமோ?"

"தாக்கோல் குடுத்தாச்சு அம்மா. நாங்க எப்பம் எறங்கணும்னு சொன்னாப் போதும்" என்றேன்.

என் கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. "இஞ்சேரும், உதென்ன வேலை பாக்கிறீர்? ஆர் உம்மைப் போகச் சொன்னது?" மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்திலிருந்த குடையைக் கையில் எடுத்தார். "அண்ணன் பெண்சாதியைக் கலைச்சுப்போட்டு எழுதிற வீடு எங்களுக்கு வேண்டாம். கலியாணத்துக்கு முன்னமே கண்ணீர் விழுந்த வளவு." உள்ளே நாகம்மா விம்முகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது. என் கௌரவத்துக்காக அவள் வாழ்வைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி, என் கணவரின் தாய், எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "எடி பிள்ளை, உது உன்ரை புருஷன்ரை வீடெண்டு ஆர் சொன்னது? என்ரை அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நான் என்ரை பெட்டை நாகம்மாவுக்குக் குடுக்கிறன். இஞ்சை ஆம்பிளையளுக்கு வீடு கிடையாது. பெண்சாதியின்ரை வீட்டிலைதான் போய் இருப்பினம். இவன் கடலுக்கு அங்காலை போய் வீடில்லாத பொம்பிளையைக் கட்டினதாலை இஞ்சை இருக்கிறான். இருக்கட்டும் எண்டு நானும் ஒண்டும் கதைக்கேல்லை."

ஒன்றும் கேட்காத மாப்பிள்ளை. அவர் கேட்காமல் விட்டது என்ன என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் தாயின் தயவில் குடியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அழுதுவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாய், அந்தக் கரவெட்டி அம்மா, பெட்டிமேல் இருந்த பவளத்தைப் பார்த்தார். "அப்ப இந்தப் பெட்டைக்கு?" என்று கேட்டார். மணப்பெண் சபைக்கு வரக்கூடாது. ஆனாலும் நாகம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், கண் சிவந்திருந்தது.

"நொத்தாரிசையா, தெற்காலை கிடக்கிற தோட்டக்காணி நாலு பரப்பையும், கிணத்திலை அரைவாசிப் பங்கையும் பவளத்தின்ரை பேரிலை எழுதுங்கோ. இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்தே விட்டார். தோட்டக்காணிதான் புகையிலை விளைகிற நிலம்; பரப்பு இங்கத்து நில அளவு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கரவெட்டி அம்மா அவர் குடையைப் பிடித்து இழுத்தார். "இருங்கோ. மூண்டு பெட்டையளுக்கு வீடு குடுத்துப்போட்டுத்தான் நானும் வந்திருக்கிறன். இதுவும் பெட்டைதானே?" பிறகு பெரியவர்கள் மத்தியானம்வரை பேசினார்கள். நாலு பரப்பு இரண்டாயிற்று. கிணற்றில் அரைவாசி, வாரத்தில் இரண்டு நாள் முறையாகக் குறைந்தது. நாகம்மா கையெழுத்து வைத்தாள். உள்ளே நான் வைத்துவிட்டு வந்த திறப்புகளை எடுத்து வந்து என் இடுப்பில் தானே செருகினாள். "மச்சாள், அடுத்த முறை வாளியோடை மட்டும் ஓடிவாங்கோ" என்றாள். அவளை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்த இரண்டு பரப்பில் என் கணவர் மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்து ஒரு வீடு கட்டினார். அதில்தான் இப்போது இருக்கிறோம். நாகம்மா வேலிக்கு அந்தப் பக்கம், அவளுக்கு மூன்று பிள்ளைகள். பவளத்துக்குப் பன்னிரண்டு வயதாகிறது. ஏதாவது ஏசினால், "இது என்ரை வீடு, அம்மா" என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்வாள். விளையாட்டுக்குத்தான். உறுதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அவள் படி இறங்க வேண்டியதில்லை என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. நான் முதலில் அப்பாவின் மருமக்கள் வீட்டில் பிறந்தேன், பிறகு மாமன் வீட்டிலும் மாமி வீட்டிலும் இருந்தேன், இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதை நான் மறைக்கவில்லை.

போன மாதம் தம்பி எழுதியிருந்தான். அப்பாவின் வீட்டைப் புதுப்பிக்கிறார்களாம். பத்தாயத்தைப் பிரித்துப் பலகையை விற்றுவிட்டார்களாம். அன்று நான் பெட்டியை வெயிலில் வைத்துத் துணிகளை உதறினேன். அடியிலிருந்து அந்தத் தாக்கோலைப் பவளம் எடுத்துவிட்டாள்.

"இது எதின்ரை திறப்பு, அம்மா?"

"பத்தாயத்துத் தாக்கோல், மக்களே."

நெல் போட ஓர் அறையளவு பெட்டி என்றதும் அவள் நம்பவில்லை. அவ்வளவு நெல்லை அவள் ஓரிடத்தில் கண்டதில்லை. துருவைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள். "சும்மா கிடந்தால் துலைஞ்சு போகும்" என்று சொல்லி, எங்கள் வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில் கோத்து என் இடுப்பில் செருகிவிட்டாள்.

இப்போது இரண்டும் அங்கேதான் தொங்குகின்றன. ஒன்று வீட்டைத் திறக்கும். வீடு என் மகளுடையது. மற்றது என்னுடையது, திறக்க ஒன்றும் இல்லை. நடக்கும்போது ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. அந்தச் சத்தத்தை வைத்துத்தான், அம்மா வாறா என்று பவளம் உள்ளேயிருந்து சொல்கிறாள்.