அளக்காமல் ஒட்டிய டேப்

எங்கள் ஜெனரேட்டர் கம்பெனிக்குப் புதிதாக வரும் எலக்ட்ரீஷியன்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஓனர் கேட்டார். "நாலு பக்கம் போதும் பாபு. விபத்து இல்லாம எப்படி வேலை பாக்கறதுன்னு எழுது. உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் என் கையால் நடந்த விபத்து ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் வெறும் பீற்றல்.

1. டேப்

கீழ்க்கட்டளையில் எங்கள் ஷெட். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ கச்சேரியோ, மேடைக்குக் கரண்ட் நாங்கள் தருவோம். ஒவ்வொரு போர்டிலும் எர்த் கம்பியை இறுக்கி, மீட்டரால் அளந்து, எல்லாம் சரி என்றால் கடைசியாக மூடியின் மேல் ஒரு துண்டு பச்சை டேப் ஒட்டுவோம். டேப் இல்லாத போர்டில் மேடை ஆட்கள் பிளக் செருக மாட்டார்கள். டேப் இருந்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

அந்த மேடை ஆட்களில் ஒருவன் ஏழுமலை. கிட்டார், அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப், டிரம்ஸ் எல்லாவற்றையும் இடம் பார்த்து வைப்பான். பாட்டுக்காரர்கள் வருவதற்கு முன் அவர்கள் இடத்தில் நின்று சோதித்துப் பார்ப்பதும் அவன்தான். என் வயதுக்காரன். பதினைந்து வருஷம் ஒரே வண்டியில் வேலைக்குப் போனோம்.

2. கேசட்

இரண்டு வருஷத்துக்கு முன் காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு மைதானத்தில் ராக் கச்சேரி. தொண்ணூறுகளில் பேர் வாங்கிய இரண்டு வெளிநாட்டு பேண்டுகள் வந்தன. அதில் ஒன்று என் பேண்டு. டிப்ளமோ படிக்கும்போது தாம்பரத்தில் அவர்கள் கேசட்டை வாங்கினேன். பாதி வார்த்தை புரியாது. அப்பாவுக்கு வேலை போய், வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் கிடந்த காலம் அது. அந்தப் பாடகன் எனக்காகவும் சேர்த்துக் கத்துகிறான் என்று தோன்றும். கச்சேரி அன்று அந்தக் கேசட்டைப் பெட்டியோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். ஐம்பது வயதில் இந்தக் கூத்து.

மதியம் மூன்று மணிக்கு கிட்டார் ஆம்புகளுக்கு இன்னொரு போர்டு வேண்டும் என்றார்கள். வண்டியில் மிச்சம் இருந்தது ஒரு பழைய போர்டு. கரண்ட் கசிந்தால் தானே கட் ஆகும் ELCB அதில் கிடையாது. எர்த்தை மட்டுமே நம்ப வேண்டும். லைன் கொடுத்துவிட்டேன். எர்த் கம்பியை இறுக்கி அளக்க இன்னும் பத்து நிமிஷம் போதும். அப்போதுதான் கேட்டில் என் பேண்டின் வேன் நுழைந்தது.

"இன்னா மச்சான், உன் ஆளுங்க வந்துட்டாங்க. போர்டு ரெடியா?" என்றான் ஏழுமலை.

திரும்பி வந்து அளந்துகொள்ளலாம், அதுவரை அவன் வேலை நிற்கக் கூடாது என்று நினைத்தேன். டேப்பைக் கிழித்து ஒட்டினேன்.

"ரெடிடா."

"அப்ப ஓடு. கையெழுத்து வாங்கினு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

வாங்கினேன். தலை நரைத்த அந்தப் பாடகர் கேசட் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். அவர் பேனாவை மூடும்போது மேடையில் அலறல் கேட்டது.

ஆம்பில் கசிவு இருந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் கிட்டார் கம்பிவரை வந்து நின்றது. ஏழுமலை இடது கையால் கம்பிகளை அழுத்திக்கொண்டு, வலது கையால் மைக்கைப் பிடித்திருக்கிறான். மைக்குக்கு வேறு ஜெனரேட்டர், நல்ல எர்த். கரண்ட் அவன் வழியாகப் போனது.

ஓடி வந்து மெயினை இறக்கினேன். மூச்சு இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் போர்டிலிருந்து டேப்பை உரித்துக் கேசட் பெட்டிக்குள் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

கச்சேரி நிற்கவில்லை. வேறு போர்டு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு என் பேண்டு மேடையேறியது. என் வயதுக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கூடவே பாடினார்கள். நான் மேடைக்குப் பின்னால் மீட்டரோடு ஒவ்வொரு போர்டாக அளந்துகொண்டே இருந்தேன். முப்பது வருஷம் காத்திருந்த பாட்டில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை.

3. சந்தேகம்

ஏழுமலையின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஓனர் போர்டைப் பார்த்தார். "டேப்பே இல்லையே. பதினஞ்சு வருஷ ஆளு ஏழுமலை இவ்வளவு அலட்சியமா இருப்பான்னு நான் நெனைக்கல" என்றார். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். என் மகள் அப்போது காலேஜ் முதல் வருஷம். அதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஏழுமலை என்னைத் தனியாகக் கேட்டான். "டேப்பு ஒட்டிதான இருந்துச்சு மச்சான்?"

"இல்லடா" என்றேன்.

அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான்தான் பாக்காம உட்டுட்டேன்" என்றான். என் வாழ்க்கையில் நான் செய்த மகா கேவலமான காரியம் அதுதான். அளக்காமல் ஒட்டியதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

இப்போது அவன் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்கு புக்கிங் எடுக்கிறான். கையைப் பற்றி யார் கேட்டாலும் தன் தப்பு என்றே சொல்வான். இதை எழுத உட்காரும் முன் அவனிடம் போனேன். கேசட் பெட்டியைத் திறந்து டேப்பை மேஜைமேல் வைத்தேன்.

"அன்னைக்கு ஒட்டினது. அளக்காம ஒட்டினேன். அப்புறம் நான்தான் உரிச்சேன்."

போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. டேப்பை மிச்சமிருந்த விரல்களால் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு வருசமா கண்ண மூடினா இந்த டேப்பு தெரியும். மூளை கலங்கிப்பூச்சின்னு நெனச்சினு இருந்தேன். எம் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல."

"மன்னிச்சிடுடா."

"அதெல்லாம் பேசாத. ஓனருக்கு எழுது. எம் பேரு போட்டு எழுது. இப்ப எய்ந்து போ."

புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பாடம். அளந்த பிறகு டேப். பிடித்த பாட்டுக்காரன் வாசலில் நின்றாலும் அளந்த பிறகுதான். அந்தத் துண்டை நம்பி இன்னொருவன் கை வைக்கிறான்.

ஓனர் இதை அச்சடிப்பாரா, என்னை வீட்டுக்கு அனுப்புவாரா தெரியாது. எதுவானாலும் கீழே உள்ள இரண்டு வரியை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குப் போர்டில் டேப் இருந்தது. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டான்.